சிவப்புத் துணி கட்டிய பூசணி

கூட்டுத் தோட்டத்தில் இன்று கடைசி அறுவடை. ஒன்பது வீட்டாரும் எட்டு மணிக்கு வந்துவிடுவார்கள். கணவன் குளித்துக்கொண்டிருந்தான். கதவைத் தட்டிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள்.

“நேத்து நீங்க பறிச்சுட்டு வந்து பெருமையா சமைச்சு வெச்சது, விதைக்குன்னு விட்ட பூசணி. அடுத்த வருஷம் ஒன்பது வீட்டுக்கும் விதை அது ஒண்ணுதான். காம்புல சிவப்புத் துணி கட்டியிருந்துச்சே, கண்ணு தெரியலையா?”

கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டு ‘பாக்கலையா’ என்று மாற்றினாள். மனசு ஆறவில்லை. அதையும் அடித்துவிட்டுப் பழையதையே எழுதினாள்.

“விதையெல்லாம் குப்பை வாளியிலதான் கிடக்கும். குப்பை வண்டி ஒன்பதுக்கு வந்துடும். அதுக்குள்ள கொட்டிப் பொறுக்கி, கழுவி, நிழல்ல காயப் போடுங்க. வெயில்ல வேண்டாம். சாவி ஜன்னல்ல இருக்கு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பூசணியை நான் தொடல.”

தாள் நிரம்பிவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“தோட்டத்தைப் பாத்துக்கிற அக்கா கேட்டா என்ன மூஞ்சியோட பதில் சொல்ல?”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவசரமாகத் திரும்பி வந்து, மூலையில் பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் நுழைத்தாள்:

“சிவப்புத் துணி கட்டினதைத் தொடவேண்டாம்னு வீட்ல சொல்லிடுன்னு அக்கா போன வாரமே சொன்னாங்க. நான்தான் சொல்லல. நாமதான் பேசிக்கிறதே இல்லையே.”