பினாங்கிலிருந்து வந்த டேப்

காஜா பெராங், மலாக்கா
14.5.1958

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைப்பிங் டேப் கிடைத்தது. தம்பிராஜா தன் ரேடியோ கடையைச் சாத்திவிட்டு மெஷினில் போட்டுக் காட்டினார். "அண்ணனுக்கு வயசே ஏறல லா அக்கா. ராக் அண்ட் ரோல் பசங்களே தோத்துட்டாங்க" என்றார்.

எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. ஈப்போ டேப்பில் ஒரே மூச்சில் பாடிய அடியைத் தைப்பிங்கில் இரண்டாக உடைத்துப் பாடுகிறீர்கள். அடுத்த அடியை, "நீங்க பாடுங்க" என்று ஜனங்களிடமே விட்டுவிடுகிறீர்கள். அவர்கள் அதைக் குஷி என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். மூவார் மேடையில் உங்கள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த பெண்டாட்டி நான். இனிமேல் பாடினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் கேட்டவள். எட்டு வருஷம் அடங்கி இருந்துவிட்டு இப்போது ஏன் இந்தப் பிடிவாதம்? இருமல் இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
சபியா

பினாங்கு
29.5.1958

அன்புள்ள சபியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பாட்டைக் கேள் என்று டேப் அனுப்பினால் நீ மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தைப்பிங்கில் விடாத மழை, தொண்டை கொஞ்சம் கட்டியது, அவ்வளவுதான். கூட வாசிக்கிற இந்தப் பையன்கள் என் பழைய பாட்டுக்கெல்லாம் எலெக்ட்ரிக் கித்தார் போட்டு அலறவிடுகிறார்கள். "பாக் ஹாஜா, ஒன்ஸ்மோர்" என்று ஜனங்கள் பெரியவர் மரியாதையோடு கூப்பாடு வேறு. இத்தனை காலம் கழித்து என்னை யார் இப்படிக் கூப்பிட்டார்கள், சொல்.

இத்துடன் பினாங்குக் கச்சேரி டேப். கடிதத்தை நம்பாவிட்டாலும் குரலை நம்பு. கேட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
ஹாஜா

காஜா பெராங்
6.6.1958

மச்சான்,

பினாங்கு டேப்பைக் கேட்டேன். அடி உடையவில்லை, மூச்சு வாங்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் நீங்கள் பேசுகிறீர்கள்: "எல்லாருக்கும் நோன்புப் பெருநாள் வாழ்த்து. வீட்ல ரெண்டாங் கறி மிச்சம் இருக்கும், சீக்கிரம் விட்டுடறேன்." எல்லாரும் சிரிக்கிறார்கள். தம்பிராஜாவும் சிரித்தார். நான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். நோன்புப் பெருநாள் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஹஜ்ஜுப் பெருநாளே வரப்போகிறது. பெருநாளுக்கு ஈப்போவில் இரண்டு நாள் பாடினீர்களே, எனக்கு முன்பு வந்தது முதல் நாள் டேப், இது அந்த இரண்டாம் நாள் டேப்.

பினாங்கில் பாடினீர்களா, இல்லையா? பாடவில்லை என்றால் இப்போது எங்கே படுத்திருக்கிறீர்கள்? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். பொய் சொன்னதற்குக் கோபம் இல்லை மச்சான். பதில் மட்டும் போடுங்கள்.

சபியா

ஆஸ்பத்திரி, பினாங்கு
11.6.1958

சபியா,

பாடவில்லை. முதல் பாட்டில் பாதிகூடத் தாண்டவில்லை, சட்டையெல்லாம் ரத்தம். மீதிக் கச்சேரியைப் பையன்களே முடித்தார்கள். முன்பு எழுதிய கடிதமும் இந்தக் கட்டிலிலிருந்து எழுதியதுதான்.

உனக்கு அனுப்புவதற்கு முன்னால், பையன்கள் கொண்டுவந்த மெஷினில் அந்த டேப்பை இங்கே போட்டுக் கேட்டேன். வார்டில் எல்லாரும் தாளம் போட்டார்கள். டேப்பில் இருக்கிற அந்த ஹாஜா இழுத்துப் பாடுகிற இடத்திலெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது. பெருநாள் வாழ்த்து காதிலேயே விழவில்லை.

நேற்று பக்கத்துக் கட்டில்காரரை மூடி எடுத்துப்போனார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷம் உன் பயத்தைக் கேலி செய்தேன், இப்போது என் பயத்தைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

தம்பிராஜாவிடம் சொல்லித் தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏறி வா. நான் பேசக்கூடாதாம். கோபப்படுவதென்றால் நீயே பேசு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஹாஜா