ரிப்போர்ட்டில் இடமில்லாத பாத்ரூம்

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மா பாஞ்சாலை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடும் கன்றும் சுகம். நீயும் சுகம் என்று உன் போட்டோக்கள் சொல்கின்றன, ஆனால் அதில் கழுத்தெலும்பு தெரிகிறது, அதனால் போட்டோவை நம்புவதாக இல்லை, நீயே எழுது. தினம் வீடியோ காலில் பேசுகிறவள் இப்போது எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தாள் என்று பார்க்கிறாயா? போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது. ஆம்ஸ்டர்டாமுக்குத் தபால் எப்போது போய்ச் சேருமோ, அதனால் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பௌர்ணமிக்கு மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடக்கிறார், மற்ற நாளில் தெருமுனைக் கடைக்கு வெற்றிலை வாங்கக்கூட ஆட்டோவை எடுக்கிறார். கேட்டால் அது சாமிக்கு, இது எனக்கு என்கிறார். உன் அத்தை மகள் வினோதினிக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் உன் பேருக்குப் பக்கத்தில் நெதர்லாந்து என்று போட வேண்டுமாம், நீ படித்த படிப்பைப் போட்டால் போதாதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பணக்காரர்களிடம் பணம் வாங்கி, ஏழை எளியவர்களுக்கு நல்லது நடக்கிற தொழிலில் போடுகிறோம், நல்லதும் நடக்கும் லாபமும் வரும் என்று உன் வேலையைப் பற்றி நீ முதலில் சொன்னபோது, புண்ணியத்துக்கு வட்டி வேறயா என்று அப்பா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பணத்தில்தான் நம்ம ஊரில் பசுந்தளிர் கம்பெனி வந்தது, பாக்கு மட்டைத் தட்டு செய்கிற யூனிட், கிரிவலப் பாதையை ஒட்டியே. நம்ம பக்கம் பாக்கு மரம் எங்கே இருக்கிறது? மட்டை லாரி ஏறி எங்கிருந்தோ வருகிறது, லாரி விடுகிற புகைக்கு நடுவில் பூமியைக் காப்போம் என்று போர்டு நிற்கிறது. போகட்டும், எங்களுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது, வழி நெடுக அன்னதானம் நடக்கிறது, அன்றைக்குத்தான் தட்டு ஜாஸ்தி போகும், அதனால் அன்றைக்கு எல்லோரும் கட்டாயம் வேலைக்கு வர வேண்டும் என்று தலைமை ஆபீசில் உட்கார்ந்து எந்தப் புண்ணியவானோ திட்டம் போட்டிருக்கிறான். பௌர்ணமிக்கு நம்ம ஊரில் எந்த வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது? ஒருத்தி டீக்கடை போடுவாள், ஒருத்தி பூ விற்பாள், மற்றவள் வீட்டில் போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் சொந்தம் வந்து படுத்திருக்கும். அன்னதானம் போடுகிறவர்களோ தட்டை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே டவுனில் வாங்கி அடுக்கிவிடுவார்கள். தாலி கட்டி முடிந்த பிறகு மேளக்காரன் வந்து நின்றது போல மேனேஜர் வளவன் தட்டுக் கட்டுகளோடு தனியாக நின்றான், பாவம். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பௌர்ணமிக்கு எல்லாரும் வந்துடணும்னு அவன் மீட்டிங் போட்டுச் சொன்னபோது, சரிங்க சார், சரிங்க சார்னு எல்லோரும் தலையாட்டினோம். படித்த பிள்ளை மரியாதையாகக் கேட்கிறது, மூஞ்சிக்கு நேரா எப்படி முடியாதுனு சொல்றது? சொல்லவில்லை. போகவும் இல்லை. மாதா மாதம் அவன் கேட்டான், மாதா மாதம் நாங்கள் தலையாட்டினோம். நீ பார்த்த நஷ்டக் கணக்கில் பாதி, எங்கள் மரியாதையால் வந்தது.

அப்புறம் உங்கள் ஆபீசிலிருந்து அந்த வெள்ளைக்கார அம்மா வந்தார்களே, நல்ல மனுஷி, வெயிலில் தக்காளிப் பழமாகச் சிவந்துபோனார்கள். வந்ததும் என்னோடு வேலை செய்கிற திரௌபதியைப் பார்த்து இந்த வேலையால் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டார்கள். திரௌபதி வாயைத்தான் உனக்குத் தெரியுமே. முன்னாடி ஊட்டுக்காரன் ஒருத்தன்தான் திட்டுவான், இப்ப மேனேஜரும் சேர்ந்து திட்டுறாருங்க என்றாள். கூட வந்த பெண் அதை இங்கிலீஷில் என்னவென்று சொன்னாளோ, அந்த அம்மா கண் கலங்கி, திரௌபதியின் தன்னம்பிக்கையைப் பாராட்டுகிறேன் என்று கையைக் குலுக்கினார்கள். மறுநாள் பௌர்ணமி. நானும் மலையைச் சுற்றுகிறேன் என்று ஆசையாகக் கிளம்பினார்கள், செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு. வழியெல்லாம் நீர்மோர், இளநீர், பானகம் என்று யார் கொடுத்தாலும் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். நம்ம ஊர் வரும்போது சாயங்காலம், முகம் வேறு மாதிரி இருந்தது. எங்களுக்குப் பாஷை தெரியாவிட்டாலும் அந்த முகம் தெரியும். அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளை எங்கே போய் ஒதுங்குவாள்? இருக்கிற இடத்தில் எல்லாம் வரிசை நகரவே இல்லை. திரௌபதி அவர்களை இழுத்துக்கொண்டு ஓடிப் போய் யூனிட்டைத் திறந்து, எங்களுக்குக் கட்டிய பாத்ரூமைக் காட்டினாள். பெண்கள் வேலை செய்கிற இடத்தில் நல்ல பாத்ரூம் இருந்தே ஆக வேண்டும் என்று உங்கள் பணத்தோடு வந்த விதியாம், அது ஒன்றைத்தான் யாரும் திட்டம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. டைல்ஸ், லைட், தாழ்ப்பாள், திறந்தால் தண்ணீர். அந்த அம்மா வெளியே வந்து பார்க்கிறார்கள், பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, சர்க்கரை வியாதிக்காரி ஒருத்தி, முதல் முதலாகத் தீட்டு வந்து அழுகிற சின்னப் பெண் ஒன்று. எப்படிப் போகச் சொல்வது? அன்றிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி திறக்கிறோம். முறை வைத்துக் கழுவுகிறோம், வாசலில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம், முடிந்தவர்கள் போடுகிறார்கள், தண்ணீர் லாரிக்கும் பினாயிலுக்கும் அது போதும். கலசப்பாக்கத்துக்காரம்மா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தினி வருஷமா தண்ணி குடிக்காமத்தான்மா சுத்தினு இருந்தேன், இன்னிக்குத்தான் தாகத்துக்குக் குடிச்சேன் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வளவன் கோபித்துக்கொண்டான். தொழிற்சாலைக்குள் வெளி ஆள் வரக்கூடாதாம், போர்டு எழுதி மாட்டினான். அடுத்த பௌர்ணமிக்கு அவனைப் பெற்ற அம்மாவே தாம்பரத்திலிருந்து கிரிவலம் வந்து, விஷயம் தெரியாமல் எங்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். போர்டு அவன் கையாலேயே இறங்கியது, இறக்கியவன் வாளியும் தூக்கினான். அன்றைக்குத்தான் எங்களுக்கும் அவனுக்கும் பேச்சு சரளமானது. திரௌபதியும் வாயைத் திறந்து, சார் பௌர்ணமிக்கு நாங்க வரமாட்டோம் சார், என்னிக்குமே வரமாட்டோம், தட்டை முன்னாடியே அடிச்சு அனுப்பிடலாம் சார் என்று சொல்லியே விட்டாள். இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா என்று தலையில் கை வைத்துக்கொண்டான். இப்போது நாலைந்து மாதமாகத் தட்டு நேரத்துக்குப் போகிறது, விற்கவும் விற்கிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் போன வாரம் நீ போனில், நம்பர்ஸ் சரியில்லமா, யூனிட்டை மூடச் சொல்லித்தான் எழுதப்போறேன் என்றாய். நான் பாத்ரூம் கதையை எடுத்தேன். அதுக்கு ரிப்போர்ட்ல இடமே இல்லமா என்றாய். எத்தனை பெண்கள் தலைநிமிர்ந்தார்கள் என்று எழுத இடம் இருக்கிறதாம், எத்தனை பெண்கள் அவஸ்தையில்லாமல் உட்கார்ந்தார்கள் என்று எழுத இடம் இல்லையாம். நல்லா இருக்குதும்மா உங்க நியாயம். ஊரில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், உம் பொண்ணுதானே எழுதுது, ஒரு வார்த்தை சொல்லேன் என்று. திரௌபதி அந்தக் குடிகாரனை விட்டுவிட்டு இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். அவள்கூட விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டுக் கெஞ்சினாள்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. வேறு ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். அந்த அம்மாவோடு பம்பாயிலிருந்து ஒரு படக்காரப் பையன் வந்திருந்தான். என்னை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். முந்தானையை எடுத்துத் தலையில் போடச் சொன்னான். நம்ம பக்கம் எவள் முக்காடு போடுகிறாள்? அப்போதுதான் கிராமம் மாதிரி இருக்குமாம். கிராமத்திலேயே பிறந்து வளர்ந்த நான் கிராமம் மாதிரி இல்லையாம். சரிங்க தம்பி என்று போட்டுக்கொண்டேன், தலையாட்டுவதுதான் பழகிப்போயிற்றே. அந்தப் படத்தை உன் ஆபீசில் எல்லோரும் பார்த்ததாக நீயே சொன்னாய், உன்னைப் பாத்து எல்லாரும் கைதட்டினாங்கமா, ஒருத்தர் அழுதுட்டார்மா என்றாய். எங்கம்மான்னு சொன்னியா என்று கேட்டேன். நெட்வொர்க் சரியில்லமா என்றாய். அதற்கு முன்னால் பேசியதும் கேட்டது, பின்னால் பேசியதும் கேட்டது, நடுவில் அது ஒன்றுதான் கேட்கவில்லை உனக்கு. எனக்கு வலித்தது சிந்து, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ரொம்ப வலித்தது. வெட்கப்பட்டு மறைத்தாயா, இல்லை, சொந்தக்காரர் இருக்கிற இடத்துக்கு ரிப்போர்ட் எழுதக்கூடாது என்று விதி இருந்து அதற்காக மறைத்தாயா, தெரியாது. இரண்டாவதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன், பெற்றவளுக்கு அதுதான் சௌகரியம். ஆனாலும் தப்பு தப்புதான். நாளைக்கு ஆபீசுக்குப் போனதும் அந்தப் படத்தில் இருப்பது எங்கம்மா என்று சொல். ரிப்போர்ட்டை உன் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள், வாங்கட்டும். வேறு யாராவது பௌர்ணமிக்கு வந்து, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்து பார்க்கட்டும். அதற்கப்புறமும் மூடு என்றால் மூடட்டும், எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பெற்றவளை யாரோ ஒருத்தி என்று காட்டித்தான் அவளுக்கு நல்லது செய்ய முடியும் என்றால் அந்த நல்லது எனக்கு வேண்டாம்.

அண்ணாமலையார் உனக்கு நல்ல புத்தியும் நிறைந்த ஆயுசும் கொடுக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே. வினோதினி கல்யாணத்துக்கு இப்போதே லீவு கேட்டு வை.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாஞ்சாலை இராமலிங்கம், அடி அண்ணாமலை.
பேரையும் ஊரையும் முழுதாக எழுதியிருக்கிறேன், ஆபீசில் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும்.