கேட்டுக்கு வெளியே

ஆடி 11, செவ்வாய்.

விடிந்ததிலிருந்து சாரல். தோளில் போடும் டவாலித் துணி காயவே இல்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். பித்தளை வில்லையைப் புளி போட்டுத் துலக்கியது வீண்.

இன்று ஒன்பது வழக்கு. வராந்தாவில் பீடி பற்றவைத்தவனை ஓர் அதட்டு. எழுந்து கும்பிட்டான். ஊர்நாட்டு ஜனங்களுக்கு, டவாலி போட்ட என்னைப் போன்ற கோர்ட் சேவகனும் போலீஸ்தான். நானும் இல்லையென்று சொன்னதில்லை. சுகமாகத்தான் இருக்கிறது.

குத்துக்கல்வலசைப் பேச்சியம்மாள் வழக்கு வாய்தா. புருஷன் செத்து இரண்டு வருஷம். அவன் பங்கு வயலைக் கொழுந்தன் விடமாட்டேன் என்கிறான். சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, கொழுந்தன் கேட்டுக்கு வெளிய நிக்கான். முழியே சரியில்ல. பஸ் ஏறுத வரைக்கும் கூட வாங்களேன். டவாலியப் பாத்தா கிட்ட வரமாட்டான்."

போன பங்குனியில் ரோட்டில் சண்டை போட்ட ஒருவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். 'நீர் போலீஸ் அல்ல' என்று எனக்கு மெமோ. ஹெட்கிளார்க் எல்லார் முன்னாலும் வாசித்தார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

"கேட்டுக்கு வெளிய எனக்கு அதிகாரம் கெடையாதும்மா. ஸ்டேஷன்ல போயிச் சொல்லு" என்றேன்.

"சரி அண்ணாச்சி." போய்விட்டாள். குடைகூட இல்லை.

ஆடி 12, புதன்.

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் போன கொஞ்ச நேரத்தில் அலறல். ஓடினேன், கேட் வரை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் அரிவாளை ஓங்குகிறான். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இன்று காலை எட்டு மணிக்கு அவள் உயிர் போய்விட்டது. அவன் பிடிபட்டான். தென்காசி முழுக்க இதே பேச்சு.



ஆடி 13, வியாழன்.

வாங்க வேண்டியவை: சுக்கு, லாந்தர் திரி, செருப்புக்கு வார். ஒன்றும் வாங்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஒருவனைப் பிடிக்கக் கோர்ட் சேவகனுக்கு அதிகாரம் உண்டா என்று, சின்ன வக்கீல் ஒருவரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். சிரித்தார். "கண்ணு முன்னால வெட்டுதவன யாரு வேணும்னாலும் புடிச்சுப் போலீஸ்ல ஒப்படைக்கலாம்வே. டவாலி எதுக்கு? டீக்கடைக்காரனுக்கும் அந்த அதிகாரம் உண்டு."

இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில். இது தெரியாது எனக்கு. ஆனால் ஒரு பெண்பிள்ளையோடு பஸ் வரைக்கும் நடக்க எந்தச் சட்டமும் வேண்டாம். அது தெரியும். மெமோவுக்குப் பயந்தேன். பாவி.

ஹெட்கிளார்க் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொம்பள உம்மகிட்ட பேசினத நான் பாத்தேன். ஒண்ணும் சொல்லலன்னே இருக்கட்டும். யாரு கேட்டாலும் அதான்."

தலையாட்டினேன்.

ஆடி 14, வெள்ளி.

வெயில். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துச் சிரித்துக்கொண்டு போகிறது. கோபம் வருகிறது. அவர்கள் என்ன செய்தார்கள்?

பேச்சியம்மாளின் தாயார் வந்திருந்தார், வழக்குக் காகிதங்களைத் திரும்ப வாங்க. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அய்யா, அன்னைக்கு எம் மவ இங்கன யாருகிட்டயாவது பயமா இருக்குன்னு சொன்னாளா?"

ஹெட்கிளார்க் ஜன்னலோரம் நின்றார்.

"இல்லம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். சொல்லியிருந்தா நீங்க தனியா விட்டிருக்க மாட்டியளே."