வால் மாமா போன நாள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகள் யதுஷாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், மெல்பேர்ன் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்பாளை வேண்டுகிறேன். லிஃப்ட் பழுதாகி இன்றோடு ஆறு கிழமை, ஒன்றரை மாதம். சாமான் வரவில்லை என்று செக்கியூரிட்டி சொல்கிறான், சொல்வதற்கு அவனுக்கு வெட்கமும் இல்லை. இந்தக் காலோடு நாலாம் மாடியிலிருந்து இறங்கினால் திரும்ப என்னைத் தூக்கிவர நாலு பேர் வேண்டும், ஆகையால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். இரண்டாம் மாடி ஷாமிலாதான் மரக்கறியும் மீனும் வாங்கித் தருகிறாள், தங்கமான பிள்ளை, ஆனால் மீன் பார்த்து வாங்கத் தெரியாது. காலி வீதிச் சத்தம் கேட்கிறது, வீதி தெரியாது. யன்னல் கம்பிக்கு அப்பால் பக்கத்து பிளாட்டின் சுவரும் ஒரு ஏசிப் பெட்டியும். காலையில் அதைப் பார்க்கிறேன், பின்னேரமும் அதையே பார்க்கிறேன், சில நேரம் வாய்விட்டுக் கத்தலாம் போல இருக்கிறது.

நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இந்த மாயக் கதைகளை எழுதுகிறவள் சின்ன வயதில் எப்படிக் கற்பனை செய்தாள் என்று ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி போட வேண்டும், வால் மாமாவைப் பற்றி ஞாபகம் இருப்பதை எழுதி அனுப்புங்கோ என்றாய். மூன்று தாள் கிழித்துப் போட்டபின் இவ்வளவுதான் வந்தது. பிள்ளைகளே, யதுஷாவுக்கு அப்போது ஏழு வயது. வெளியே குண்டு வெடிக்கும் என்ற பயத்தில் அவளை விளையாட விடுவதில்லை, கதவுக்கு இரண்டு பூட்டு. அதனால் குளியலறைக்கு மேலே பழைய பெட்டிகள் வைக்கும் தட்டில் ஒரு மாமாவைக் குடிவைத்தாள். அவருக்கு நீளமான வால். அதை யன்னல் கம்பிக்குள்ளால் விட்டுக் கடலில் மீன் பிடிப்பார். பருப்பென்றால் அவருக்கு உயிர், ஆகவே யதுஷா தன் பருப்பை எல்லாம் அவருக்கென்று கோப்பையில் ஒதுக்கிவிடுவாள். அப்பா வேலைக்குப் போகும்போது மேலே பார்த்து அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார். இதுவரை எழுதிவிட்டேன். பிறகு ஒரு நாள் வால் மாமா கடலுக்குப் போய்விட்டார் என்று நீ மாதிரிக்கு எழுதி அனுப்பிய தாளில் இருக்கிறது, அந்த இடத்தில்தான் என் பேனை நின்றுவிட்டது. அவர் கடலுக்குப் போகவில்லை மகள், நான்தான் துரத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைச் சோதிக்கப் பொலிஸ் வந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்த தாளைக் கேட்டார்கள், அதில் நாங்கள் மூன்று பேர். வேறு யாரும் இருக்கிறார்களா என்று ஒருவர் உன்னிடம் சிங்களத்தில் கேட்க, மேலே ஒரு மாமா இருக்கிறார் என்று நீயும் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் சொன்னாய். துவக்கை நீட்டியபடி தட்டில் ஏறிப் பார்த்தார்கள், பெட்டியும் கரப்பான் பூச்சியும்தான். அப்பா விளங்கப்படுத்தியபோது ஒருவர் சிரித்தும் விட்டார். ஆனாலும் அப்பாவைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவர்கள் படி இறங்கியதும் நான் உன்னைப் பிடித்து உலுக்கி, "உன்ர வாயாலதான் அப்பாவைக் கொண்டுபோறாங்கள், இனி அந்த மாமான்ர கதை இந்த வீட்டில வரக்கூடாது" என்றேன். நீ அழவில்லை. அன்று மத்தியானம் பருப்பை நீயே சாப்பிட்டாய்.

உண்மை வேறு. பதிவுத் தாளில் நாங்கள் முன்பு இருந்த பாமன்கடை வீட்டு விலாசம் இருந்தது. இந்த பிளாட்டுக்கு வந்து அப்போது இரண்டு மாதம், புதிதாகப் பதிகிற வேலை என்னுடையது, வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். அந்த விலாசத்தை விரலால் தட்டிக் காட்டித்தான் அப்பாவை வரச்சொன்னார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிழை என்னுடையது என்று தெரிந்துகொண்டே ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் போட்டேன். பிள்ளையிடம் சொல்லிவிடு என்று அப்பா கண் மூடும்வரை சொன்னார், நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயத்தில் சொல்லவில்லை. உன் புத்தகங்கள் நாலையும் வாசித்தேன், நாலிலும் ஒரு பிள்ளை வாய் திறந்ததும் யாரோ காணாமல் போகிறார்கள். எல்லாரும் நல்ல கற்பனை என்கிறார்கள், நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன். இப்போது நானே இந்தச் சுவருக்குள் ஆறு கிழமை அடைந்து கிடக்கும்போதுதான் தெரிகிறது, கதைப்பதற்கு உனக்கென்று இருந்த ஒரே ஆளையும் நான் பறித்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நீண்ட ஆயுளோடு நல்லாயிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, மாமா கடலுக்குப் போனார் என்ற வரியை வெட்டிவிடு. யதுஷா உண்மையைத்தான் சொன்னாள், பொய் சொன்னது அவளுடைய அம்மா என்று எழுது. சின்னப் பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா,
பாலேஸ்வரி யோகநாதன்