அடியில் கிடந்த சத்தம்

ஹட்டன்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள தங்கச்சி பூரணிக்கு,

நானும் உம்முடைய அண்ணி யசோதினியும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, ஸ்டூடியோச் சுவரெல்லாம் பூஞ்சணம். உங்கள் தோட்டத்தில் சிக்னல் இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது. ஆனாலும் கண்டக்டர் நிரோஷன் கையில் மெமரி கார்டும் கடிதமும் பஸ்ஸில் போய் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீர் பாடி அனுப்பிய முதல் இரண்டு பாட்டுக்கும் மிக்ஸிங் முடித்துவிட்டேன். மூக்கன் மாமாவின் தப்பு மேளத்தை இங்கே கொண்டுவந்திருந்தால் வருகிற வழியிலேயே தோல் தளர்ந்திருக்கும். உங்கள் லயத்து வரிசை வீட்டுக் காம்பரா அடுப்பில் காய்ச்சிய சூட்டோடு அடித்ததால்தான் இந்த நாதம். ரெக்கார்டரை உம்மிடம் தந்துவிட்டது நல்லதாய்ப் போயிற்று.

ஒரு குறை. பாட்டுக்கு அடியில் கனமாக ஒரு சத்தம், யாரோ உலக்கை போடுவது போல. அதை வெட்டி எடுத்துவிட்டேன். இனிமேல் அக்கம்பக்கத்தை அடக்கி வையும். பாட்டு முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெறும் காம்பராவின் சத்தத்தையும் கொஞ்ச நேரம் பதிவு செய்யும். மிக்ஸிங்கில் இடைவெளி நிரப்ப அது வேண்டும்.

அன்புடன்,
சிவரூபன் அண்ணா


வட்டவளை, மேட்டு லயம்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கார்டு வந்தது. லயமே கூடி நின்று கேட்டோம். என் குரலா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மாமா மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்காரு. ஆனா அடியில என்னமோ காணாமப் போயிருச்சே" என்றார். அவருக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லியாக வேண்டும், நீங்கள் மனதில் வைக்காதீர்கள்.

இந்த முறை உலக்கை, தையல் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் காம்பரா சுலக்ஷனா, "ஒன் பாட்டுக்கு நாங்க மூச்சு விடலாமா கூடாதா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

கதவு கொஞ்ச நாளாய்த் தரையில் இடிக்கிறது, உதைத்தால்தான் திறக்கிறது. நல்லதுதான், வெளிச்சத்தம் வராது. பின்சுவரில் ஒரு வெடிப்பும் விட்டிருக்கிறது. காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க மண் குழைத்து அடைத்துவிட்டேன். பார்த்தீர்களா, நானும் ஸ்டூடியோ கட்டுகிறேன்!

அன்புத் தங்கை,
பூரணி


ஹட்டன்
3 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோபித்துக்கொண்டே எழுதுகிறேன். பாட்டுகள் அருமை. ஆனால் அந்தச் சத்தம் போகவில்லை, கூடியிருக்கிறது. நீர் அனுப்பிய வெறும் காம்பராவிலும் கேட்கிறது. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு ஆளில்லை என்கிறீரா? அதைத் துடைத்தே என் கண் பூத்துவிட்டது. ஜனவரியில் வெளியீட்டுக்கு மண்டபமும் சொல்லியாயிற்று.

கடைசிப் பாட்டுக்குத் தப்பு மட்டும் மறுபடி வேண்டும். மாமா தனியே அடிக்கட்டும். லயத்தில் ஒரு காலடிகூடக் கேட்கக் கூடாது. எல்லாரையும் எங்கேயாவது தூர அனுப்பிவிடும். ரெக்கார்டரைத் தரையில் வைக்காமல் மடித்த கம்பளியின் மேல் வையும்.

யசோதினி உம்மைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

சிவரூபன் அண்ணா


வட்டவளை
14 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

நான் பொய் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு நானே வாசலில் நின்றேன். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. நீங்கள் அப்படிக் கேட்டது எனக்கு வலித்தது.

சரி, விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிசன் கோயிலில் பொங்கல் வைக்கிறேன் என்று சொல்லி லயத்து ஆட்கள் எல்லாரையும், கிழவர் குழந்தை உட்பட, கூட்டிக்கொண்டு போகிறேன். மாமா மட்டும் அடுப்போடும் ரெக்கார்டரோடும் இருப்பார். பட்டனை எப்படி அழுத்துவது என்று பழக்கிவிட்டேன்.

இங்கே மழை பேய்போல. பின்னால் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. நாய்கள் காம்பராவுக்குள் படுக்க மாட்டேன் என்கின்றன. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னோம். "மழ விடட்டும், வந்து பாக்குறேன்" என்றார்.

பூரணி


ஹட்டன்
16 நவம்பர், சனிக்கிழமை

தங்கச்சி,

உம்முடைய கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. பீலித் தண்ணீரைப் பற்றி வாசித்ததும் பாட்டையெல்லாம் நிறுத்திவிட்டு, நான் வெட்டி வைத்த சத்தத்தை மட்டும் போட்டுக் கேட்டேன். முதலில் எப்போதாவது. பிறகு அடிக்கடி. யசோதினி கேட்டுவிட்டு, "இது ஆக்கள் போடுற சத்தமில்லையப்பா. நிலத்துக்குள்ளாலை வருது" என்றா.

இடிக்கிற கதவு, வெடித்த சுவர், செம்மண் தண்ணீர். எல்லாம் நீர் எழுதினீர், நான்தான் பாட்டுக்குள் கிடந்தேன். மலை அசைகிறது, பூரணி. இன்றைக்கே எல்லாரும் இறங்குங்கள். பதிவு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மாமாவைத் தனியே விடாதேயும். தோட்டத்து ஒபிசுக்கு போன் எடுத்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. பஸ் வெளிக்கிடுகிறது. நாளைக்கு நானே வருவேன்.

சிவரூபன்


வட்டவளைப் பாடசாலை
24 நவம்பர் 2024

சிவரூபன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. றொசல்லயில் பாதை அடைபட்டு பஸ் திரும்பிவிட்டதாம். நீங்களும் அதுவரை வந்து திரும்பியதாக நிரோஷன் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தைத் தந்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை எல்லாரும் கோயிலில் இருந்தோம். மேலேயிருந்து தப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது. நடுவில் நின்றது. மாமா தோலைச் சூடு காட்டுகிறார் என்று நினைத்தோம். சுலக்ஷனா "உஸ்" என்று பிள்ளைகளை அடக்கினாள். அப்புறம் மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் இப்போது மண்தான் இருக்கிறது. மாமாவை வியாழக்கிழமை எடுத்தார்கள்.

நீங்கள் ஆட்களை அனுப்பச் சொல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் உள்ளே இருந்திருப்போம். சுலக்ஷனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நீங்கள் மறுபடி அடிக்கச் சொல்லாவிட்டால் மாமா கோயிலில் இருந்திருப்பார். அவர் மகள் என்னோடு பேசுவதில்லை. உங்களுக்கு நன்றி சொல்வதா, உங்களைத் திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே வராதீர்கள். ஜனவரி மண்டபத்தையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். சரிவுக்கு மேலே தப்பி நிற்கும் லயத்தில் இன்னும் சனம் இருக்கிறது. அங்கே ஆபத்தில்லை என்று ஒபிசில் சொல்கிறார்களாம். அந்த ஆட்களும் சாமான் சட்டியை விட்டு இறங்கத் தயங்குகிறார்கள். நீங்கள் வெட்டி வைத்த சத்தத்தைக் கொண்டுபோய் மேலிடத்துப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். என் பாட்டைப் போட வேண்டாம். எங்களுக்கு அடியில் கிடந்ததை மட்டும் போடுங்கள்.

பூரணி