நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவறான்

ஜூன் 3
ரோட்டின் நடுச்சுவரில் இருந்த இடைவெளியை இன்று முழுசாக அடைத்துவிட்டார்கள். அங்கமாலி போகும் லாரிகளுக்கு இனி தடையே இல்லை. தடை எனக்கும் எதிர்வீட்டு அவறானுக்கும்தான். நாலு மணிக்கு அவன் தன் வீட்டு கேட்டில் நின்று சீட்டுக்கட்டைத் தூக்கிக் காட்டினான். எதிர்ப்பக்கத்தில் நான் கையை விரித்தேன்.

ஜூன் 11
நடைமேம்பாலத்தில் ஏறிப் பார்த்தேன். பதினெட்டாவது படியில் முட்டி மடங்க மாட்டேன் என்றது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், ஒரு ரோட்டைத் தாண்ட முடியாமல் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

ஜூலை 2
போன் போட்டு, "பைலி பேசறேன்" என்றேன். அவனுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. "யாரு? கேஸ் சிலிண்டரா?" என்கிறான்.

ஆகஸ்ட் 19
சர்க்கரை ஏறியிருக்கிறது. "தெனம் நடக்கணும் அப்பச்சா" என்றார் டாக்டரம்மா. எங்கே நடக்க? ரோட்டோரமெல்லாம் திறந்த சாக்கடை. முன்பு மட்டும் நான் நடக்கவா போனேன்? அவறானிடம் சீட்டில் தோற்கப் போனேன். அதுவே நடையாக இருந்தது.

செப்டம்பர் 5
திருவோணம். மருமகள் ஜின்சி பாயசத்தைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்து, "ஆட்டோ பிடிச்சுப் போங்க அப்பச்சா" என்றாள். ஸ்டாண்டில் அவறான் வீட்டு மாமரத்தைக் காட்டிக் கேட்டேன். "இந்தா தெரியுதே மாமரம், அங்கயா? இதுக்கு ஆட்டோவா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 8
கேட்டில் அவன் இல்லை.

அக்டோபர் 9
மழை. அதனால்தான் வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 12
மழை இல்லியே... எங்கடா போனே? ஆறு மணி வரைக்கும் நின்னேன். கால் வீங்கிப்போச்சு. எனக்கு அவன் வேணும்.

அக்டோபர் 14
ஜின்சி விசாரித்து வந்தாள். அவனுக்கு இடது கை கால் விழுந்துவிட்டதாம். நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்களாம்.

அக்டோபர் 15
ஆட்டோவில் போனேன். வண்டி திரும்ப வழியிருக்கும் இடம் வரை போய்ச் சுற்றி வர பதினோரு நிமிஷம். அவ்வளவுதான்.

அவறானுக்கு வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. அவன் பெண்டாட்டி பாத்தும்மா சொன்னாள்: "'பைலிக்கு முட்டி சரியில்ல, நாமதான் போகணும்'னு தெனம் விடிஞ்சதும் பாலத்துல ஏறிப் பழகினாரு. நாளுக்கு ஒரு படி கூடுதலா. முப்பது வரைக்கும் வந்துட்டாரு. விழுந்ததும் அந்தப் படியிலதான்."

நான் நாலு பேர் சிரித்ததற்குத் திரும்பி வந்தவன்.

ஆட்டோக்காரனை இனி தினமும் நாலு மணிக்கு வரச் சொன்னேன். "இந்தத் தூரத்துக்கா?" என்றான். ஆமாம், இந்தத் தூரத்துக்குத்தான்.