தறிக்குழியை மிதித்தவள்

அம்மா,

எதிர் வீட்டில் தரையை உடைக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை. வெயில் படாத ஈர மண்ணும் பழைய சிமெண்ட்டும் கலந்தது. தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஆரணி வீட்டின் நடு அறை. அங்கே தறிக்குழி இருந்தது. அப்பா அதில் கால்களை இறக்கி உட்கார்ந்து பட்டு நெய்தார். அவருக்கு மஞ்சள் காமாலை கண்ட வருடம் நீ நெய்தாய். அதை வீட்டில் யாரும் பெரிதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் தறி பின்பக்கக் கொட்டகைக்குப் போனது. நடு அறைக்கு டைல்ஸ் வந்தது. வெள்ளை, நடுவில் ஊதாப் பூ. குழியை மூடும் அன்று மேஸ்திரி மண்ணைக் கெட்டிப்படுத்தத் திமிசுக் கட்டையைத் தூக்கினார். அப்பா தடுத்துவிட்டார்.

"சோறு போட்ட குழி மேஸ்திரி. இடிக்கக் கூடாது, மெதிக்கக் கூடாது."

மஞ்சள் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டார், தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல. நெகிழ்ந்த மண். அதன்மேல் சிமெண்ட். அதன்மேல் பூ. நம் தெருவில் பாதி வீடுகளில் குழியை அப்படித்தான் மூடினார்கள்.

பிறகு டைல்ஸ் இடுக்குகளில் உப்பு பூத்தது. துடைத்தால் மறுபடியும் பூத்தது. பாய் கருத்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த புடவைகளில் பழுப்புப் புள்ளிகள். அங்கே படுத்த உனக்கு விடாத இருமல்.

காரணத்தை ஆண்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். நீ.

"அண்ணி தலைக்கு ஊத்திகினு ஈரக் காலோட உள்ள நடந்துகினே இருந்தா, தரை இன்னா பண்ணும்?" என்றார் சித்தப்பா.

"என் காலு இன்னா காவாயாப்பா?" என்றாய்.

சித்தப்பாவே சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து உனக்கு நடு அறை இல்லை. சமையற்கட்டில் படுத்தாய். மாதங்கள் போயின. உப்பு பூத்துக்கொண்டே இருந்தது.

"நான்தான் அங்க போறதே இல்லயே. இப்ப யார் காலுங்க அது?"

நீ இப்படிக் கேட்டதும் அப்பா எழுந்து தறிக் கொட்டகைக்குப் போனார்.

கல்லூரி விடுமுறையில் நான் வந்திருந்தபோது, என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாய். கரண்டிக் காம்பால் தரையைத் தட்டினாய். சுவரோரம் கெட்டியான சத்தம். நடுவில், குழி இருந்த இடத்துப் பூவின்மேல் வேறு சத்தம்.

"கேட்டியா? உள்ள வவுறு காலியா கீது."

அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். உடைப்பதற்குத்தான் அவருக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு வழி கண்டார். பழைய டைல்ஸ்மேல் புது டைல்ஸ். மேஸ்திரி வந்தார். வாசலில் கலவை குழைத்தார். நீ உள்ளே போய், நடுவில், பூக்களின்மேல் உட்கார்ந்தாய். முதலில் உடைத்துப் பாருங்கள் என்றாய்.

"எழுந்துரு. பேஜார் பண்ணாத. கலவை காயுது," என்றார் அப்பா.

"காயட்டும். இந்த வூட்ல காயறது அது ஒண்ணுதான்."

"குழிய உடைச்சா குடும்பத்துக்கு ஆகாதுடி."

"எனக்கு இப்பவே ஆகலயே. நான் குடும்பத்துல இல்லயா?"

மேஸ்திரி பீடி பற்றவைக்க வெளியே நழுவினார். நீ எழுந்து, அவர் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை எடுத்தாய். அப்பா உன் பெயரைச் சொல்லிக் கத்தினார். முதல் அடியிலேயே டைல்ஸ் உள்ளே விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். போட்ட மண் ஒரு சாண் இறங்கியிருந்தது. மேலே கறுப்புத் தண்ணீர் நின்றது. வாசல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்கட்டுக்குத் தரைக்கடியில் போகும் குழாய் குழியோரம் தெரிந்தது. அதன் இணைப்பில் சொட்டு, சொட்டு, சொட்டு. கசிந்ததெல்லாம் அந்த நெகிழ்ந்த மண்ணைத் தேடிப் போயிருக்கிறது.

"பார்த்துக்கோப்பா," என்று சித்தப்பாவிடம் சொன்னாய். "என் காலு."

குழாயை மாற்றினார்கள். சேற்றை வாரிக் கொட்டினார்கள். கோடை முழுக்கக் குழி திறந்தே கிடந்து காய்ந்தது. புதிதாக மண்ணும் செங்கல் ஜல்லியும் வந்தன. அப்போதும் அப்பா சொன்னார், "கையாலயே போடுங்க. இடிக்க வேணாம்."

நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாய். மிதித்தாய். குதிகாலை ஊன்றி, மூச்சு வாங்க, இருமிக்கொண்டே மிதித்தாய்.

"நானும் இதுல கால வெச்சி நெய்ஞ்சவதான். இதுக்கு ஒண்ணும் வலிக்காது." நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாய். "திமிசு எடுப்பா."

மேஸ்திரி அப்பாவைப் பார்க்காமல் எடுத்தார்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. நீ சாப்பிட்டாய். மறுசோறு போட்டுக்கொண்டாய். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் உன் பாயை நீயே எடுத்துவந்து நடு அறையில் விரித்தாய். தரை காய்ந்தது. இருமல் போகவில்லை. கடைசிவரை போகவில்லை. யாருடைய பக்தி யாருடைய மார்பில் போய்ச் சேர்ந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்கள் கடிபடுகின்றன.

உன் காரியத்தன்று அதே அறையில் உறவுகள் உட்கார்ந்திருந்தார்கள். பொறுமைசாலி என்றார்கள். இருக்கிற இடமே தெரியாது என்றார்கள்.

"அண்ணன் பேச்ச ஒருநாள் மீறினது இல்ல. எதிர்த்து ஒரு வார்த்த பேசுனது இல்ல," என்றார் சித்தப்பா. கண் கலங்கித்தான் சொன்னார்.

"பேசுனாங்க சித்தப்பா," என்றேன். "உங்களாண்டதான் பேசுனாங்க."

அவர் துண்டைச் சரிசெய்தார். காபி வந்துவிட்டது என்று யாரோ அவசரமாகச் சொன்னார்கள்.

உன்னைச் சாதுவாக்கிப் பேசும் ஒவ்வொருவரிடமும் நான் இப்படித்தான் சண்டை போடப்போகிறேன். நல்ல நாள், துக்க வீடு என்று பார்க்கப்போவதில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அம்மா. எனக்கும் இன்னும் வயது இருக்கிறது.